காதில் தகடு இல்லாத பாலிசி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் மகள் போன் செய்து, "அப்பா, உங்க ரெண்டு பேருக்கும் இன்சூரன்ஸ் போட்டாச்சு. பத்து நிமிஷம்தான் ஆச்சு" என்றாள். நானும் என் மனைவியும் இங்கே வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு போய் இருந்துவிடுவது என்று முடிவாகியிருந்தது.

"உடம்பைப் பத்திக் கேள்வி எல்லாம் இருந்திருக்குமே, என்ன எழுதினே?"

"எழுதல்லாம் இல்லப்பா. ஆமா, இல்லைன்னு ரெண்டு கட்டம். எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு தட்டிட்டேன். உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

எனக்குச் சுருக்கென்றது. கோவில்பட்டியில் அரசாங்கப் பொது இன்சூரன்ஸ் கம்பெனிக் கிளையில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவன் நான். அந்தக் கேள்விகளை எதிரில் உட்கார வைத்துக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். என் மகளோ கேட்காமலேயே பதில் எழுதியிருக்கிறாள். "அதை அழி" என்றேன். "அப்பா, இப்ப யாருப்பா அப்படியெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கா?" என்று சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்காரர்கள் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த கதையைச் சொல்லி யாரையும் தூங்க வைக்கப் போவதில்லை. பரீட்சை எழுதினேன், சென்னையில் ஒரு மாதம் பயிற்சி என்று சொல்லி மின்விசிறி இல்லாத அறையில் உட்கார வைத்தார்கள், கோவில்பட்டியில் கொண்டு வந்து போட்டார்கள். எங்கள் கிளைக்கு முக்கியமான வேலை மூன்று. தீப்பெட்டி ஆபீஸ் என்று எங்கள் ஊரில் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலைகளுக்குத் தீ இன்சூரன்ஸ், லாரிக்கு மோட்டார் இன்சூரன்ஸ், மாட்டுக்கு மாட்டு இன்சூரன்ஸ். முதல் இரண்டையும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாவதை நான் மேஜைமேல் கற்றுக்கொண்டேன்.

மாட்டு இன்சூரன்ஸ் என்றால் கால்நடை டாக்டர் வந்து மாட்டைப் பார்த்து, நம்பர் அடித்த ஒரு தகட்டைக் காதில் குத்திவிடுவார். மாடு செத்தால் அந்தத் தகட்டைக் கொண்டுவர வேண்டும். தகடு இல்லாவிட்டால் பணம் இல்லை. நான் சேர்ந்த இரண்டாவது வாரம் பசுவந்தனையிலிருந்து ஒருவர் வந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை என் மேஜையில் வைத்தார். ஏதோ பலகாரம் என்று நினைத்துப் பிரித்தேன். முழுக் காது. "தகட்ட மட்டும் கழட்டுனா, நீங்க சந்தேகப்படுவீயல்லா? அதான் அப்படியே கொண்டாந்துட்டேன்" என்றார். அன்றைக்கு எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அவர் சொன்னது நியாயம்தான் என்று பிற்பாடு விதிப் புத்தகத்தைப் படித்தபோது தெரிந்தது.

இந்தக் காதுக் கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்துச் சம்சாரிகளுக்கு, அதாவது விவசாயிகளுக்கு, இன்சூரன்ஸ் என்றால் என்னவென்று சொல்லிக் கொடுத்தது மாடுதான். மனிதனுக்கு இன்சூரன்ஸ் என்றாலும் முதலில் அவர்கள் நினைப்பு காதுக்குத்தான் போகும்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்களுக்கு மேலாளராக வந்தவர் அருணாசலம் சார். திருநெல்வேலிக்காரர். ஒல்லியான மனிதர், எப்போதும் முழுக்கைச் சட்டை, பையில் பச்சை மைப் பேனா. பாலிசி கேட்டு வருகிறவர் பூர்த்தி செய்ய வேண்டிய படிவத்துக்கு ப்ரபோசல் என்று பெயர். மற்ற ஊர்களில் இதை ஏஜெண்டுகளே எழுதிக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். எங்கள் கிளையில் அது நடக்காது. ஆள் நேரில் வர வேண்டும். அருணாசலம் சார் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி டிராயருக்குள் போட்டு மூடுவார். பிறகு மர ஸ்கேலை முதல் கேள்விக்குக் கீழே வைத்து, தமிழில் சொல்லி, உரக்கக் கேட்பார். பதில் வரும்வரை காத்திருப்பார். வந்த பதிலை நான் எழுத வேண்டும். பிறகுதான் ஸ்கேல் அடுத்த வரிக்கு இறங்கும்.

"கடிகாரத்தை எதுக்கு சார் கழட்டுதீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கேக்குறவன் மணி பாத்தான்னா, சொல்லுதவன் அவசரத்துல பொய் சொல்லிருவான்வே."

இன்னொரு விதியும் உண்டு. கேட்கப்பட்டவர் என்ன சொன்னாரோ, அதை அவர் சொன்ன மாதிரியே எழுத வேண்டும். நாம் திருத்தக் கூடாது. "இன்சூரன்ஸ்ங்கது நம்பிக்கைவே. அவன் சொன்னதை நீரு மாத்தி எழுதினா, அது உம்ம நம்பிக்கை. அவனுது இல்ல" என்பார். ஒரு படிவத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். வெளியே வரிசை நிற்கும். நான் அவரை மனசுக்குள் திட்டாத நாள் கிடையாது.

அப்படி ஒரு நாள்தான் இடைசெவலிலிருந்து திருவேங்கடம் வந்தார். அறுபத்தெட்டு வயது. மனைவி இறந்துபோய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே மகன் கனடாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அப்பாவை நிரந்தரமாக அங்கே அழைத்துக்கொள்ள எல்லாக் காகிதமும் வாங்கி அனுப்பிவிட்டான். அந்த ஊரில் புதிதாகக் குடிபோகிறவர்களுக்கு அரசாங்க வைத்தியம் கிடைக்க மூன்று மாதம் ஆகுமாம். அதுவரை ஏதாவது ஆனால் சொத்தை விற்றாலும் கட்டுபடியாகாது, இன்சூரன்ஸ் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள் என்று மகன் எழுதியிருந்தான். எங்கள் கிளையில் வெளிநாட்டு மருத்துவ பாலிசி கேட்டு வந்த முதல் ஆள் அவர்தான். அருணாசலம் சார் இரண்டு நாள் விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு அவரை வரச் சொன்னார்.

திருவேங்கடம் உட்கார்ந்ததும் முதல் கேள்வியை அவரே கேட்டார். "தகட்ட எந்தக் காதுல சார் போடுவீங்க?"

"மனுசனுக்குத் தகடு கிடையாது அண்ணாச்சி" என்றேன்.

"அப்ப அங்கன செத்தது நாந்தான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

நான் சிரித்தேன். அருணாசலம் சார் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்று தலையை ஆட்டிவிட்டு, "அதுக்கு அடையாளக் குறின்னு ஒரு பத்தி இருக்கு பெரியவரே. அதை டாக்டர் எழுதுவாரு" என்றார். அந்தப் பத்தி என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது மூன்று பேருக்குமே தெரியாது.

படிவம் இங்கிலீஷ்காரனுக்காக எழுதியது. மலையேற்றம், பனிச்சறுக்கு, ஆகாயத்திலிருந்து குதித்தல் முதலிய ஆபத்தான விளையாட்டுகளில் ஈடுபட்டதுண்டா என்று ஒரு கேள்வி. திருவேங்கடம் ரொம்ப நேரம் யோசித்தார். "ஆகாசத்துல இருந்து இல்ல சார். கெணத்துல குதிச்சிருக்கேன். தண்ணி எறைக்கிற கமலைக் கல்லு மேல ஏறி நின்னு குதிப்போம்."

"எழுதும்வே" என்றார் மேலாளர். இளம் வயதில் கிணற்றில் குதித்ததுண்டு என்று எழுதினேன். இருதய நோய்க் கேள்வி வந்தது. "இல்ல" என்றார். ஸ்கேல் இறங்கியது. அறுபது தாண்டியவர்களுக்கு ஈ.சி.ஜி. கட்டாயம். எங்கள் பட்டியலில் இருந்த டாக்டரிடம் அடுத்த வாரம் புதன்கிழமைக்கு நேரம் வாங்கிக்கொடுத்து அனுப்பினோம். டாக்டர் பரிசோதித்து, அறிக்கையை ஒட்டிய உறையில் நேராக எங்களுக்கு அனுப்ப வேண்டும். அதுதான் முறை.

உறை வந்தது. பிரித்த மேலாளரின் முகம் மாறியது. ஈ.சி.ஜி. சரியில்லை. இருதயத்துக்கு ரத்தம் போவதில் கோளாறு, உடனே மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்று டாக்டர் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார். ஆனால் அதே அறிக்கையில், நெஞ்சுவலி உண்டா என்று டாக்டர் கேட்ட கேள்விக்கு 'இல்லை'. மூச்சு வாங்குமா, 'இல்லை'. எல்லாம் இல்லை. அருணாசலம் சாருக்கு வியாதியைவிட இந்த 'இல்லை'கள்தான் பொறுக்கவில்லை. "மறைச்சுட்டாருவே. என் முகத்தைப் பாத்து, கெணத்துல குதிச்சதைக்கூடச் சொன்ன மனுசன், இதை மறைச்சுட்டாரு" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பாலிசி கிடையாது என்று எழுதி அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. ஆளை வரச் சொல்லிக் கடிதம் போட்டார்.

திருவேங்கடம் பாலிசி தயாராகிவிட்டது என்று நினைத்துப் புது வேட்டியோடு வந்தார். டிக்கெட் போட்டாகிவிட்டது, இன்னும் பதினெட்டு நாள் என்றார். உட்கார்ந்ததும் வீட்டுப் புகார். "என் தம்பி நாரணன் ஒரு வாரமா எங்கிட்ட ஒரு வேலையும் விடமாட்டேங்கான் சார். வெதை மூட்டையத் தொட்டாப் புடுங்குதான். தண்ணிக் குடத்தத் தூக்குனா ஓடி வாரான். கெளவன் வெளிநாடு போறான்னதும் மருவாதி கூடிப்போச்சு போல."

அண்ணனும் தம்பியும் ஒரே வீடு, ஒரே நிலம். தம்பி நாராயணசாமி, அண்ணனுக்கு நாரணன், கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இருவருக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம்.

மேலாளர் கடிகாரத்தைக் கழற்றி டிராயருக்குள் போட்டார். "பெரியவரே, உங்களுக்கு நெஞ்சுவலி எத்தனை நாளா இருக்கு?"

"எனக்கா? எனக்கு என்னத்துக்கு நெஞ்சு வலிக்கு?"

"டாக்டர் எழுதியிருக்காரே."

"அவரு என்னையப் பாக்காமயே எப்படி எழு..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். பிறகு வேட்டி மடிப்பைச் சரி செய்தார். அருணாசலம் சார் அறிக்கையை மேஜையில் விரித்து, ஸ்கேலை வைத்து, முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். பெயர். வயது. உயரம். ஸ்கேல் இறங்கியது.

"அடையாளக் குறி ஒண்ணு. வலது புருவத்துக்கு மேல நீளமான தழும்பு."

நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். திருவேங்கடத்தின் நெற்றி துடைத்த சிலேட்டு மாதிரி இருந்தது.

"தழும்பு எங்க பெரியவரே?"

அவர் கை தானாகப் புருவத்துக்குப் போனது. "அது ஆறிப்போச்சு சார்."

"ஒரு வாரத்துலயா?"

"எங்க உடம்பு சீக்கிரம் ஆறிரும் சார்."

"குறி ரெண்டு. இடது கைச் சுண்டுவிரலில் நகம் இல்லை."

திருவேங்கடம் இடது கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோனார். "கையை மேல வைங்க" என்றார் மேலாளர். கை மெதுவாக மேலே வந்தது. நகம் இருந்தது. கரிசல் மண் ஒட்டிக்கொண்டு நன்றாகவே இருந்தது.

"மொளைச்சிருச்சு சார்" என்றார், அவருக்கே கேட்காத குரலில்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். மேலாளர் காத்திருந்தார். அவருக்குக் காத்திருக்கத் தெரியும். கடைசியில் திருவேங்கடம், எல்லாவற்றுக்கும் அதுவே விளக்கம் என்பது போல, "அந்தப் புதன்கிழமை மழை பெஞ்சிருச்சு சார்" என்றார்.

எங்கள் ஊர்க்காரனுக்கு அதுவே போதும். கரிசல் காட்டில் பருவத்து முதல் மழை விழுந்தால், ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். தவறவிட்டால் அந்த வருஷம் போச்சு. அந்த வீட்டில் முதல் பிடி விதையைப் போடுகிற கை அண்ணன் கை. அப்பா இறந்ததிலிருந்து அப்படித்தான். ஆகவே அன்று காட்டை விட்டு நகர முடியாதவர் அண்ணன், நகரக்கூடியவர் தம்பி. அண்ணன் பாஸ்போர்ட்டைத் தம்பி கையில் கொடுத்து டாக்டரிடம் அனுப்பிவிட்டார். முகம் இரண்டும் ஒரே அச்சு. தம்பியின் நெற்றியில் மாடு முட்டிய தழும்பும், ஏர்க்கால் நசுக்கிய விரலும்தான் வித்தியாசம்.

அருணாசலம் சார் ஸ்கேலைக் கீழே வைத்தார். "பெரியவரே, மாட்டு டாக்டர் வாரப்ப நோஞ்சான் மாட்ட மறைச்சுட்டு நல்ல மாட்டக் கொண்டாந்து நிறுத்தினா, அதுக்குப் பேரு என்ன?"

"களவாணித்தனம் சார்" என்றார் திருவேங்கடம் உடனே. "எங்க வீட்டுல அந்தப் பழக்கமே கெடையாது."

"அப்ப இது?"

அவருக்கு உண்மையாகவே கேள்வி புரியவில்லை. "அது வேற மாடு சார். தம்பி வேற ஆளா?" என்றார். "கல்யாண வீடோ, துட்டி வீடோ, எங்க வீட்டுல இருந்து ஒரு ஆளு போனாப் போதும். நாரணன் போனா நான் போன மாதிரி. இதுவரைக்கும் யாரும் நீ ஏன் வரலன்னு கேட்டதில்ல. உங்க டாக்டரும் கேக்கல."

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ ஆள்மாறாட்டங்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு வெள்ளையாக ஒன்றைப் பார்த்ததில்லை. என்னால் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். நான் சிரித்ததும் திருவேங்கடத்துக்கும் தைரியம் வந்துவிட்டது.

"அப்ப அந்தக் கோடு கோடா இழுத்த படம் என்னுது இல்லல்லா? எனக்கு ஒரு கோளாறும் இல்ல! பொறவு என்ன சார், போடுங்க கையெழுத்த" என்று மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. தட்டிய கை மேஜையிலேயே கிடந்தது.

"அப்ப" என்றார். "அப்ப அது நாரணனுக்கா?"

அருணாசலம் சார் டிராயரைத் திறந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். படிவம் முடியாமல் அவர் கடிகாரத்தைக் கட்டி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "வண்டி இருக்காவே? பெரியவரைக் கூட்டிக்கிட்டுப் போயி அவரு தம்பியக் கையோட டாக்டர்கிட்டக் கொண்டாரும். மணி ஆகுது பாரும், கெளம்பும்" என்றார்.

என் மொபெட்டின் பின்னால் புது வேட்டி பறக்கத் திருவேங்கடம் உட்கார்ந்திருந்தார். இடைசெவலுக்கு முன்னாலேயே ரோட்டோரக் காட்டில் நாராயணசாமியைப் பார்த்துவிட்டோம். தலையில் ஒரு மூட்டை. வரப்பில் இன்னொரு மூட்டை. நெற்றியில் அந்தத் தழும்பு, அறிக்கையில் எழுதியிருந்தபடியே.

"ஏலே, மூட்டைய எறக்குலே!" என்று திருவேங்கடம் போட்ட சத்தத்தில் நான் வண்டியைச் சாய்த்துவிட்டேன்.

நாராயணசாமி மூட்டையை இறக்கிவிட்டு, அண்ணனை அல்ல, என்னைக் கோபமாகப் பார்த்தார். "ஏன் சார் அண்ணன இந்த வெயில்ல வண்டியில ஏத்திக் குலுக்கிக்கிட்டு வாரீங்க? அவியளுக்கு ஆகாதுல்லா?"

"அவருக்கு என்ன ஆகாது?"

அவர் என்னைத் தனியாக நாலடி தள்ளிக்கொண்டு போனார். "டாக்டர் எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லிட்டாரு சார். இருதயம் சரியில்ல, பாரம் தூக்கக் கூடாது, மதுரைக்குப் போவணும்னாரு. அண்ணங்கிட்டச் சொன்னாப் பயந்துருவாவ. வெதைப்பு முடியட்டும், பக்குவமாச் சொல்லி நானே கூட்டிட்டுப் போவோம்னுதான் ஒரு வேலையும் செய்ய விடாம எல்லாத்தையும் நானே தூக்கிக்கிட்டு இருக்கேன்."

"அண்ணாச்சி, அந்தக் கம்பியெல்லாம் யாரு நெஞ்சுல வச்சாங்க?"

"என் நெஞ்சுலதான்."

"அப்ப கோளாறு யாருக்கு?"

"பரிசோதனை அண்ணனுக்குத்தான சார்? நான் அவியளுக்காகத்தான போனேன்?" என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் யோசித்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டார். டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் சத்தியமாகவே பதில் சொல்லியிருந்தார். அண்ணனுக்கு நெஞ்சுவலி இல்லை, ஆகவே 'இல்லை'. அண்ணனுக்கு மூச்சு வாங்காது, ஆகவே 'இல்லை'. தனக்கு இருக்கிறதா என்று அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திருவேங்கடம் பக்கத்தில் வந்து, அவர்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எப்போதிலிருந்து என்பதுதான் அது. நாராயணசாமி தமிழில் பதில் சொன்னார், எனக்கும் தெரியட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. "நாலு மாசமா. வாய்வுன்னுதான் பூண்டு தின்னுக்கிட்டு இருந்தேன்."

அன்று மத்தியானமே டாக்டரைப் பார்த்து, அப்படியே மதுரைக்கு அனுப்பிவிட்டோம். அங்கே அடைப்பை எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் மூட்டை தூக்கியிருந்தால் எங்களிடம் கொண்டுவந்திருக்க வேண்டாம் என்று மதுரை டாக்டர் சொன்னாராம். திருவேங்கடம் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்.

அந்த ஆள்மாறாட்டத்தை மேலிடத்துக்கு எழுதியாக வேண்டும், விதி அப்படி. அருணாசலம் சார் என்ன எழுதுவாரோ என்று எனக்குப் பயம். பச்சை மையில் ஒரே வரி எழுதினார். "பரிசோதிக்கப்பட்டவர் விண்ணப்பதாரர் அல்லர், அவருடைய தம்பி; விண்ணப்பதாரர் மீண்டும் பரிசோதிக்கப்படுவார்." நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரு பொய்கூடச் சொல்லலவே. தழும்பு ஆறுனதும் நகம் மொளைச்சதும் தவிர" என்றார்.

அடுத்த வருஷம் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். தம்பி தேறிவிட்டார், பயணம் மறுபடி கிளம்பியிருந்தது. இந்தத் தடவை திருவேங்கடம் தானே போய்ப் பரிசோதனை செய்துகொண்டார், துணைக்குத் தம்பி. ஈ.சி.ஜி. சுத்தம். கடிகாரம் டிராயருக்குள் போனது. ஸ்கேல் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தது.

"இருதய நோய் இருக்கா?"

திருவேங்கடம் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். "இருக்கு சார்" என்றார். "அது தம்பி உடம்புல இருக்கு."

நான் பேனாவைத் தூக்கிவிட்டேன். இதை எப்படி எழுதுவது? அருணாசலம் சார் என்னைப் பார்த்தார். "சொன்னதை எழுதும்வே" என்றார். எழுதினேன். பத்து நாளில் மதுரை மண்டல அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. விண்ணப்பதாரருக்கு இருதய நோய் உண்டா, இல்லையா, ஒரே சொல்லில் தெரிவிக்கவும். மேலாளர் பச்சை மையில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நல்ல பதிலைக் கெடுத்துட்டானுவளே" என்று அன்று சாயங்காலம் வரை புலம்பினார்.

திருவேங்கடம் கனடாவுக்குப் போனார். இனி எங்கே பார்க்கப்போகிறோம் என்று நாங்களும் மறந்துவிட்டோம். நாலாவது மாதம் ஒரு காலையில் என் மேஜைமேல் ஒரு செய்தித்தாள் பொட்டலம் வந்து உட்கார்ந்தது. பழைய ஞாபகத்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன். எதிரில் கம்பளிச் சட்டையோடு திருவேங்கடம். பொட்டலத்துக்குள் எங்கள் பாலிசி, மடிப்புக் கலையாமல்.

"மாட்ட வித்தாத் தகட்டத் திருப்பிக் குடுக்கணும்லா? அதான்" என்றார்.

"நிரந்தரமாப் போறதாத்தான அண்ணாச்சி சொன்னீங்க?"

"போனேன். மவன் தங்கமாப் பாத்துக்கிட்டான், கொறை சொல்லக் கூடாது. மூணு மாசம் முடிஞ்ச அன்னைக்கு ஒரு அட்டையைக் கொண்டாந்து கையில குடுத்து, அப்பா, இனிமே உங்க சீக்கு எல்லாத்தையும் இந்தக் கவுர்மெண்டே பாத்துக்கும்னான். ராத்திரி பூரா யோசிச்சேன் சார். என் சீக்கு இடைசெவல்லல்லா இருக்கு. நான் அங்கன இருந்து என்ன செய்ய?"

அருணாசலம் சார் தன் அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து, தனக்கு வைத்திருந்த மோர் தம்ளரை எடுத்துத் திருவேங்கடத்தின் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இதுவரை எழுதிவிட்டு நேற்றுச் சாயங்காலம் மகளுக்குப் போன் செய்தேன். "அந்தப் படிவத்தை மறுபடியும் திற. நான் கேள்வியை வாசிக்கச் சொல்லும்போது வாசி" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே திறந்தாள். என் மனைவியைக் கூடத்தில் எதிரில் உட்கார வைத்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரிக்குள் போட்டேன். "என்ன கூத்து இது?" என்றாள் மனைவி. முதலில் எனக்கு, சீக்கிரம் முடிந்துவிட்டது. பிறகு அவளுக்கு. ஸ்கேல் இல்லை. மகள் போனில் வாசிக்க வாசிக்க, நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக் கேட்டுக் காத்திருந்தேன். சர்க்கரை, இல்லை. ரத்தக் கொதிப்பு, இல்லை. கிணற்றில் குதித்ததில்லை.

"நெஞ்சுல வலி, மூச்சு வாங்குதது, இப்படி ஏதாச்சும் உண்டா?"

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "மாடியில துணி காயப் போட ஏறுனா அடைக்குது" என்றாள். "ஆறு மாசமா."

போனில் மகள் "அம்மா!" என்றாள். நான் நாற்காலியை என் மனைவி பக்கம் இழுத்துப் போட்டேன். "இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலியே" என்றாள்.

அதில் கோபம்கூட இல்லை. மகளிடம் அந்தக் கட்டத்தை 'ஆமாம்' என்று மாற்றச் சொன்னேன். பயணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நாளை காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போகிறோம்.